வாயைத் திறந்தால் சங்கு ஊதிய ரோமன்

புதிதாகப் படங்களுக்குக் குரல் கொடுக்க வந்திருக்கிற உங்களுக்குத் தொண்டையைக் காப்பாற்றும் வழி எதையும் நான் சொல்லப்போவதில்லை. இஞ்சியும் தேனும் உங்கள் அம்மாக்களுக்கே தெரியும். மைக்கை எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதை ஒலிப்பதிவு செய்கிற பிள்ளை காட்டித் தருவாள். படத்தில் இருப்பவரின் உதட்டைத் தானாகவே நம்முடைய பேச்சுக்குப் பொருத்திவிடும் கணினி வேறு வந்துவிட்டதாம். நல்லது, அதற்கும் ஒரு தேநீர் கொடுங்கள். நான் சொல்ல வந்தது ஐந்து விநாடிச் சோம்பல் ஒன்றைப் பற்றி. சோம்பல் என்னுடையது. பலன் இன்னொருவருடையது.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து, ஸ்காபரோவில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்குக் கீழே இருந்த நிலவறையில் தொழில் செய்துகொண்டிருந்த காலம். தமிழ்த் தொலைக்காட்சி ஒன்று ஞாயிறு பின்னேரத்துக்குப் படம் தேடியது. அதை நடத்தியவர் எங்கிருந்தோ ஒரு கட்டு இத்தாலியப் படங்களை வாங்கிக்கொண்டு வந்தார். பழைய ரோமாபுரிக் கதைகள். எல்லாப் படத்திலும் ஒரு பயில்வான் வருவான். சட்டை போடமாட்டான். சங்கிலியை அறுப்பான், தூணைத் தள்ளுவான், இடையில் ஒரு இளவரசியைப் பார்த்து மூச்சை இழுத்து விடுவான். வாளும் செருப்பும்தான் மிச்சக் கதை.

எங்கள் சனத்துக்கு அது உடனே பிடித்துப்போனது. "பழைய ராசா படம் மாதிரித்தான், பாட்டு மட்டும் இல்லை" என்று பார்க்டேலில் இருந்து ஒருவர் தொலைபேசியில் சொன்னார். ஸ்ரௌவ்வில்லில் இருந்து ஒரு அன்ரி எடுத்து, "உந்தப் பெடியனுக்கு ஒரு சேட்டு வாங்கிக் குடுக்க அங்கை ஒருத்தரும் இல்லையோ? குளிராதோ?" என்று கேட்டார். இப்படிச் சனம் சொல்கிறவற்றை நான் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். நான் வசனம் எழுதப் படித்தது எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை, அந்தக் கொப்பியில்தான்.

ஆட்கள் எங்களிடம் குறைவு. ஐந்து குரல், ஐம்பது முகம். வில்லன் குரல் மரியதாஸ் அண்ணையுடையது. அவர் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு தவக்காலத்திலும் தேவாலய மண்டபத்தில் போடுகிற திருப்பாடுகளின் நாடகத்தில் ரோம ஆளுநர் அவர்தான். அதனால் எந்தப் படத்தில் எந்த ஆளுநர் வந்தாலும், "தள்ளு ஐசே, ரோமன் எண்டா நான்தான்" என்று மைக்குக்கு முன்னால் வந்து நிற்பார். அவருடைய குரல் வயிற்றுக்குள் இருந்து புறப்பட்டு, மீசையில் தங்கி, பிறகுதான் வெளியே வரும். வாள் சண்டைக்குச் சத்தம் தேடி நாங்கள் எங்கும் அலையவில்லை. மேலே கடையில் கொத்து அடிக்கும்போது மைக்கைப் படிக்கட்டில் கொண்டுபோய் வைப்போம். ரோமாபுரியின் எத்தனையோ வீரர்கள் முட்டைக்கொத்துச் சத்தத்தில் செத்திருக்கிறார்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ஒரு படத்தில் கோட்டை வாசல் காட்சி. பயில்வானையும் அவனோடு சங்கிலியில் கட்டிய அடிமைகளையும் உள்ளே கொண்டுபோகிறார்கள். வாசலில் ஈட்டியோடு ஒரு இளம் காவலன். அவர்கள் கடந்துபோகும்போது அவன் வாயைத் திறந்து எதையோ சொல்கிறான். ஐந்து விநாடி. எங்களுக்கு வந்த பிரதியில் பேச்சுச் சத்தம் கிடையாது, படத்தோடு வந்த ஆங்கில வசனத்தாளிலும் அவனுக்கு வசனமே இல்லை. அன்றைக்கே படத்தை அனுப்பிவிட வேண்டும். சின்னச் சின்ன வீரர்களுக்குக் குரல் கொடுக்கிறவர் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவரப் போய்விட்டார். என் குரலில் ஏற்கெனவே நான்கு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் அந்தக் காவலனுக்குப் பக்கத்திலேயே நிற்கிறான்.

சின்ன வாய்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். கோட்டை வாசல் என்றால் கொம்போ எக்காளமோ ஊதுவது வழக்கம்தானே. அந்த ஐந்து விநாடிக்கு மேல் ஒரு ஊதல் சத்தத்தைப் போட்டு மூடினால் காரியம் முடிந்தது. எங்களிடம் எக்காளம் இருக்கவில்லை. கோயில், கலியாணம் என்று ஊர்ச் சத்தங்கள் பதிந்து வைத்த நாடாவில் ஒரு சங்கு இருந்தது. அதைப் போட்டேன்.

திங்கட்கிழமை காலை ஒரு பெண் தொலைபேசியில் வந்தார். பெயர் வதனி. அஜக்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர்.

"அண்ணை, நேற்றையப் படத்திலை வாசலிலை நிண்டவனுக்கு வாயாலை சங்கு ஊதவிட்டது நீங்களே?"

நான் சிரித்தேன். நல்ல பகிடியாகத்தான் இருந்தது.

"சிரிக்காதேங்கோ அண்ணை. அவர் இஞ்சை இருக்கிறார்."

"ஆர்?"

"அந்தக் காவல்காரன்."

நடந்தது இதுதான். அந்த இல்லத்தில் ஒரேயொரு தமிழ் அம்மா இருந்தார், பரமேசு அன்ரி. ஞாயிறு பின்னேரம் பொது அறைத் தொலைக்காட்சி அவருடைய முறை. வதனி தன் கைபேசியில் இருந்து எங்கள் படத்தைப் பெரிய திரையில் போட்டுவிட்டிருக்கிறார். அங்கே இருந்த மற்றவர்களில் ஜீனோ என்றொரு இத்தாலியக் கிழவர், எண்பதைத் தாண்டியவர். இளம் வயதில் ரோமாபுரிப் படங்களில் ஈட்டி பிடித்து நின்றவன் நான் என்று சாப்பாட்டு மேசையில் ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தவர். யாரும் நம்பவில்லை. அன்றைக்குத் திரையில் கோட்டை வாசல் வந்ததும், நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "நான்! அது நான்!" என்று கத்தியிருக்கிறார். அறை முழுக்க அவருடைய முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறது. அதே மூக்கு. அதே காது. எல்லோரும் ஆவென்று நிற்கிற நேரம் பார்த்துத் திரையில் அவர் வாயைத் திறந்தார். சங்கு ஊதியது.

"எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவை அண்ணை. இப்ப அவர் சாப்பிட வந்தா மேசையிலை இருக்கிறவை கையை வாயிலை வைச்சு ஊதிக் காட்டினம். இண்டைக்குக் காலமை அவர் வரேல்லை. அறைக்குள்ளை வைச்சுத்தான் சாப்பிட்டவர். உண்மையாச் சொல்லுங்கோ, உங்களுக்கு வேறை சத்தம் கிடைக்கேல்லையோ? அதுவும் செத்தவீட்டுச் சங்கு!"

அந்த நாடாவில் சங்கு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. பரமேசு அன்ரி அதைக் கேட்டு, "ஆர் போனது?" என்று விசாரித்தாராம்.

எங்கள் வழக்கப்படி ஒவ்வொரு படமும் அடுத்த ஞாயிறும் ஒருமுறை போகும். திருத்துவதற்கு நேரம் இருந்தது. மரியதாஸ் அண்ணையிடம் சொன்னபோது அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "உந்தக் காவல்காரனுக்கு நானே குடுக்கிறன். என்ன சொன்னவர் எண்டு மட்டும் கேட்டு வாரும். இல்லை, நானும் வாறன்" என்றார். ஆளுநர் ஒரு வாசல் காவலனுக்கு இறங்கி வருவது பெரிய காரியம் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை 401 பெருந்தெருவில் ஊர்ந்து ஊர்ந்து அஜக்ஸுக்குப் போனோம். இல்லத்தின் மேற்பார்வையாளர் அரை மணித்தியாலம் தந்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் வெளியேற வேண்டும். நான் மடிகணினியும் சின்ன ஒலிப்பதிவுக் கருவியும் கொண்டுபோயிருந்தேன். அவர் இத்தாலிய மொழியில் சொல்வதை அப்படியே பிடித்து வந்து அந்த அளவுக்கு வசனம் எழுதலாம் என்பது திட்டம்.

ஜீனோ சவரம் செய்து, கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒன்றையொன்று பார்த்துப் பயப்படாத தரம், ஆகையால் பேச்சு சுகமாகப் போனது. முதலில் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை வீசி அதைத் தள்ளினார்.

"அந்த வாசலில் நீங்கள் சொன்னது என்ன?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வதனியைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"ஒன்றும் சொல்லவில்லை. எண்ணினேன். ஊனோ, தூவே, த்ரே..."

அந்தப் படங்களில் அப்படித்தானாம். ஆளுக்கொரு மொழி பேசுவார்கள். குரல் எல்லாம் பிறகுதான். எங்களைப்போல யாரோ ஒருவர் நிலவறையில் இருந்து கொடுப்பார். இவரைப்போலச் சின்ன ஆட்களுக்கு வசனத்தைப் பாடமாக்கி வைப்பது வீண்வேலை என்று, "வாயை அசை, ஏழுவரை எண்ணு" என்று சொல்லிவிடுவார்களாம். படம் வந்தபோது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். திரையில் வேறு யாரோ ஒருவனின் தடித்த குரல். அம்மா அவருடைய காதில், "முகம் உன்னுடையதுதான், ஆனால் உள்ளே யாரோ இருக்கிறான்" என்றாராம்.

அந்த வாக்கியத்தை அங்கேயே கொப்பியில் எழுதினேன். எழுதி முடிக்கும்போது முடிவும் வந்துவிட்டது.

"மரியதாஸ் அண்ணை, இவரே சொல்லட்டும்."

"என்னத்தை?"

"எண்ணட்டும். தமிழிலை. அடிமையள் உள்ளை போகினம், வாசல்காரன் எண்ணுறான். அதைவிடப் பொருத்தமா என்ன வேணும்? ஒண்டு, ரெண்டு, மூண்டு. வாயும் அப்பிடியே வந்து பொருந்தும்."

மரியதாஸ் அண்ணை என்னை வெளியே நடைபாதைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஐசே, உமக்கு விசரே? இருவது வயசுப் பெடியன்ரை வாயிலை எண்பது வயசுக் குரல். அதுவும் இத்தாலித் தமிழ். சனம் ஒருக்காச் சிரிச்சது அந்த மனுசனுக்குக் காணாதே? ரெண்டாந்தரமும் சிரிச்சா அந்தாள் பேந்து அறையை விட்டு வெளியிலை வராது. நான் குடுத்தா ஒருத்தரும் சிரிக்கமாட்டினம்."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. பிள்ளைகளே, இந்த இடத்தில் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் எனக்கு நின்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. தொழில் தெரிந்தவர் கொடுத்தால் குரல் சுத்தமாக இருக்கும், ஆபத்து இல்லை. ஆனால் அந்த முகத்துக்குள் மறுபடியும் யாரோ இருப்பான். மரியதாஸ் அண்ணையிடம், "சிரிச்சா பழி எனக்கு" என்று மட்டும் சொன்னேன். அவர், "பழி உமக்கு, சிரிப்பு அவருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே வந்தார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

யன்னலுக்குக் கம்பளி போட்டோம். வதனி கட்டிலின் ஓரத்தில் இருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொடுத்தார். ஒண்டு, ரெண்டு, மூண்டு அவருக்குச் சுலபமாக வந்தது. அஞ்சில் கொஞ்சம் தடுக்கினார். ஏழு 'ஏலு' ஆனது. நான் மரியதாஸ் அண்ணையைப் பார்த்தேன். "விடும். எங்கடை ஆக்களிலை எத்தினை பேர் ஒழுங்காச் சொல்லினம்?" என்றார்.

மடிகணினியில் காட்சியை ஓட்டினேன். வாய் திறக்கும்போது வதனி அவருடைய தோளைத் தொட்டார். அப்போதுதான் நான் கவனித்தேன். வாசலைக் கடக்கிறவர்கள் ஐந்து பேர். பயில்வானும் நான்கு அடிமைகளும். ஏழு இல்லை.

"ஐந்தோடு நிறுத்துங்கள்" என்றேன். ஜீனோ நிறுத்தினார். திரையில் வாய் இன்னும் இரண்டு எண்ணுக்குச் சத்தமில்லாமல் அசைந்தது. மீன்தொட்டிபோல இருந்தது. மெதுவாக எண்ணச் சொன்னேன். வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போனது. மூன்றாம் முறை அவருக்கு மூச்சு வாங்கியது. வதனி தண்ணீர் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், இன்னும் ஒருமுறைதான் என்று இருந்தது. சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிடம்.

ஜீனோ திரையைச் சுட்டிக்காட்டினார். "ஏழு. என்னை ஏழு எண்ணச் சொன்னார்கள். நான் ஏழு எண்ணினேன்."

"உள்ளை போறது அஞ்சு பேர். படம் பாக்கிற சனம் ஆளை எண்ணாதே?" என்று நான் மரியதாஸ் அண்ணையிடம் கேட்டேன்.

"எண்ணும். எங்கடை சனம் கலியாணவீட்டிலை பந்தியிலை எத்தினை பேர் எண்டே எண்ணிற சனம்."

நான் காட்சியை அந்தத் திறந்த வாயில் நிறுத்தினேன். ஆள்கணக்கைப் பார்ப்பதா, அந்த வாயைப் பார்ப்பதா? சங்கு போட்ட நாள் நான் வாயைப் பார்க்கவில்லை. "ஏழு" என்றேன். "ஏழும் எண்ணுங்கோ. வாறதைப் பாப்பம்."

அவர் நிமிர்ந்தார். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, அஞ்சு, ஆறு, ஏலு. வாய் மூடிய இடத்தில் குரலும் மூடியது. ஒரு மயிர் இழை பிசகவில்லை. வதனி கைதட்டப் போய், ஒலிப்பதிவு ஓடுகிறது என்று கையைப் பாதியில் நிறுத்தினார்.

வாகனத் தரிப்பிடத்தில் நான் காரைத் திறக்காமல் நின்றேன். படத்தை அன்று பின்னேரமே அனுப்ப வேண்டும். அதில் இரண்டு அடிமைகளைக் காணவில்லை. மரியதாஸ் அண்ணை காரின் கூரையில் விரலால் தட்டிக்கொண்டு நின்றார்.

"அடுத்த காட்சியிலை நான் முதுகு காட்டிக்கொண்டு நிண்டு வைன் குடிக்கிறன், என்ன?"

"ஓம்."

"முதுகுக்கு உதடு இல்லை. அதிலை நான் கேக்கிறன்."

அவர் அங்கேயே, அந்தத் தரிப்பிடத்தில், வயிற்றில் இருந்து குரலை எடுத்தார்: "வாயிற்காவலன் எண்ணியது எழுவர்! என் முன் நிற்பதோ ஐவர்! மற்ற இருவர் எங்கே? தேடுங்கள்!" நடைவண்டியோடு போய்க்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நின்று திரும்பிப் பார்த்தார். அந்தக் காட்சியின் முடிவில் வீரர்கள் ஏன் ஓடுகிறார்கள் என்று எங்களுக்கு அதுவரை விளங்கியதே இல்லை. இப்போது விளங்கியது.

தன்னுடைய பேச்சைக் கேட்காமல் போனவனின் பிழையைத் தன்னுடைய வசனத்தால் நிரப்பிக் கொடுத்தார் அந்த மனிதர். உங்களோடு வேலை செய்கிறவர்களில் இப்படி ஒருவர் இருந்தால், அவருக்கு முதலில் மைக்கை விடுங்கள்.

ஞாயிறு பின்னேரம் நான் அந்தப் பொது அறையில் பின்சுவரோடு நின்றேன். மரியதாஸ் அண்ணை வரவில்லை, பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஜீனோவை வரவைக்க வதனிக்கு இருபது நிமிடம் கெஞ்ச வேண்டியிருந்தது. வந்து கதவோரக் கதிரையில் இருந்தார். அவரைக் கண்டதும் முன்வரிசையில் ஒருவர் கையை வாயில் வைத்து ஊதினார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

கோட்டை வாசல் வந்தது. அந்த இளம் முகம் வாயைத் திறந்தது. தேய்ந்த, கரகரத்த, கவனமான ஒரு கிழக்குரல் எண்ணத் தொடங்கியது. முன்வரிசைக்காரர் ஊதுவதற்குத் தூக்கிய கையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. குரலைக் கேட்டதும் திரும்பிக் கதவோரத்தைப் பார்த்தார். அங்கே ஜீனோவின் உதடுகள் திரையோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை.

"அஞ்சு பேர்தானே போனவை!" என்றார் பரமேசு அன்ரி, அறை முழுக்கக் கேட்கும்படி. "உவர் என்ன ஏழு எண்டு சொல்லுறார்?"

சொல்லி வாய் மூடுவதற்குள் ஆளுநர் முதுகைக் காட்டிக்கொண்டு கர்ஜித்தார்.

"ஐயோ வதனி, ரெண்டு பேரைக் காணேல்லையாம்!"

என்ன நடக்கிறது என்று எல்லோரும் கேட்டார்கள். வதனி ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அந்த அறையில் யாரும் படம் பார்க்கவில்லை. முன்வரிசைக்காரர் எழுந்து வந்து, "உனக்கு எண்ணத் தெரியாது" என்று ஜீனோவிடம் சண்டைக்குப் போனார். "ஏழு! நான் வாசலில் நின்றவன், நீயா நின்றாய்?" என்று ஜீனோ நடைவண்டியைத் தரையில் தட்டினார். பரமேசு அன்ரி தமிழில் அஞ்சு விரலைக் காட்டிக்கொண்டு குறுக்கே வந்தார். பயில்வான் தூணைத் தள்ளிக் கோட்டை முழுவதும் இடிந்து விழுந்தது. அதை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோதும் வழக்கு முடியவில்லை. ஆகையால் எல்லோரும் அதைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போனார்கள். ஜீனோவும் போனார். வதனி அவருக்கு முன்னால் சூப்பை வைத்தார். முன்வரிசைக்காரர் கரண்டியை நீட்டிக் கேட்டார்:

"சரி, ஏழு என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் மற்ற இரண்டு பேரும் எங்கே போனார்கள்?"

ஜீனோ சூப்பை ஒருமுறை ஊதி ஆற்றினார். அவசரமே படவில்லை.

"நான்தான் போகவிட்டேன்" என்றார்.